ஹாங்காங் அவென்யூ ஆஃப் ஸ்டார்ஸ்: ஊரிலிருந்து வருகிறவர்கள் கேட்கிற கேள்விகள்

ஊரிலிருந்து ஹாங்காங்குக்கு யார் கிளம்பினாலும், ஒரு வாரம் முன்பே வாட்ஸ்அப்பில் கேள்விகள் வந்து விழ ஆரம்பித்துவிடும். அதில் பாதி, கடலோரத்தில் இருக்கும் அந்த 'சினிமாக்காரங்க கை பதிச்ச இடம்' பற்றியதுதான். ஒரே பதிலை வாய்ஸ் மெசேஜில் பத்துப் பேருக்குச் சொல்லி அலுத்துப்போய், எல்லாவற்றையும் இங்கே எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். இனி யார் கேட்டாலும் இதைத்தான் அனுப்பப் போகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அக்கா, அவென்யூ ஆஃப் ஸ்டார்ஸ்னா என்ன? தெருவா, பார்க்கா, மியூசியமா?

கடலை ஒட்டிப் போகும் ஒரு நடைபாதை. ஹாங்காங்கின் நடுவே விக்டோரியா துறைமுகம் என்கிற கடல் பகுதி இருக்கிறது. அதற்குத் தெற்கே ஹாங்காங் தீவு, வடக்கே கவுலூன். கவுலூனின் தென்முனையில் இருக்கும் சிம் ஷா சுய் என்ற இடத்தில், தண்ணீரை ஒட்டி அரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான தூரத்துக்கு இந்தப் பாதை நீள்கிறது. 2004 ஏப்ரல் 27-ல் திறந்தார்கள்.

பாதை நெடுக, கடல் பக்கத்துக் கைப்பிடியில் ஹாங்காங் சினிமாவைச் சேர்ந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் கைத்தடங்களும் பெயர்களும் பதிந்திருக்கின்றன. ப்ரூஸ் லீக்கும் பாடகி அனிட்டா முய்க்கும் சிலை உண்டு. மெக்டல் என்ற கார்ட்டூன் பன்றிக்குட்டிக்கும் ஒன்று உண்டு, சின்னப் பிள்ளைகள் அங்கேதான் நிற்பார்கள். அவ்வளவுதான் இடம். 'இவ்வளவுதானா' என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு மணி நேரம் அசையாமல் நிற்கிறவர்களும் இருக்கிறார்கள். ஏன் என்று கீழே வருகிறது.

டிக்கெட் எவ்வளவு? முன்கூட்டியே புக் பண்ணணுமா?

டிக்கெட் கிடையாது, புக்கிங்கும் கிடையாது. பொது நடைபாதை. காலையில் அங்கே ஓடுகிறவர்கள், தை சி செய்கிறவர்கள் எல்லாம் உள்ளூர்க்காரர்கள். யாராவது 'அவென்யூ ஆஃப் ஸ்டார்ஸ் என்ட்ரி' என்று காசு கேட்டால், அது படகு சவாரியோ வேறு ஏதாவது சேர்ந்த பேக்கேஜோதான்.

மெரினா மாதிரி மணல் இருக்குமா? பசங்க கால் நனைக்கலாமா?

மணலும் இல்லை, அலையில் கால் நனைக்க வழியும் இல்லை. கட்டிய கரை, கைப்பிடி, அதற்குக் கீழே ஆழமான துறைமுகத் தண்ணீர். மாற்றுத் துணி எடுத்து வந்த குடும்பம் ஒன்றைப் பார்த்திருக்கிறேன், பாவமாக இருந்தது. பிள்ளைகள் மணலில் விளையாட வேண்டுமென்றால் தீவின் தென்பக்கம் ரிபல்ஸ் பே கடற்கரைக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள்.

விசா தொல்லை இருக்கா?

இந்தியப் பாஸ்போர்ட் என்றால் வழக்கமான விசா இல்லை. ஆனால் கிளம்புவதற்கு முன்பே இணையத்தில் முன்பதிவு ஒன்று செய்ய வேண்டும். 2017 ஜனவரியிலிருந்து இந்த ஏற்பாடு. காசு கிடையாது, ஹாங்காங் குடிவரவுத் துறையின் தளத்திலேயே செய்யலாம், ஒரு முறை வந்தால் 14 நாள் வரை தங்கலாம். படிவத்தில் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும். அப்பா பெயர் எது, குடும்பப் பெயர் எது என்று நம் ஆட்கள் குழம்புவது அங்கேதான். பாஸ்போர்ட்டில் எந்தக் கட்டத்தில் எது இருக்கிறதோ அதை அப்படியே போடுங்கள். சிங்கப்பூர், மலேசியப் பாஸ்போர்ட்காரர்கள் விசா இல்லாமல் 90 நாள் வரை இருக்கலாம்.

எப்படிப் போறது? டாக்சி எடுத்துரலாமா?

எடுக்கலாம், அவசியமில்லை. மெட்ரோவில் ஈஸ்ட் சிம் ஷா சுய் நிலையத்தில் இறங்கி 'ஜே' வாசல் வழியாக ஏறினால் கடலோரம். நிலத்தடி வழி நீளமாக இருக்கும், பலகையைப் பார்த்துக்கொண்டே நடங்கள். விமான நிலையத்திலிருந்து நேராக வருகிறவர்களுக்கு ஏ21 பேருந்து நாதன் ரோடு வழியாக வரும்.

ஆனால் நான் யாரைக் கூட்டிப்போனாலும் ஸ்டார் ஃபெரியில்தான் போவேன். 1888-ல் தொடங்கிய கம்பெனி. ஹாங்காங் தீவின் சென்ட்ரல் பகுதியில் 7-ஆம் எண் படகுத்துறையில் ஏறினால் பத்து நிமிடத்துக்குள் அக்கரை, கட்டணம் சில டாலர்தான். மர இருக்கைகளின் முதுகுப்பலகையை முன்னும் பின்னும் தள்ளிக்கொள்ளலாம். படகு திரும்பாமலே போய் வருவதால், எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் பார்த்து உட்கார இந்த ஏற்பாடு. பலகையில் நட்சத்திர வடிவில் சின்னச் சின்ன ஓட்டைகள். துறையை நெருங்கும்போது நீலச் சட்டை போட்ட ஒருவர் நீளக் கொக்கியால் கரையிலிருந்து வடக்கயிற்றைப் பிடித்து இழுத்துக் கட்டுவார். என் சித்தப்பா சினிமாவை விட்டுவிட்டு அதைப் பார்க்க மறுபடி ஒரு நடை போய் வந்தார்.

இறங்கியதும் வலது பக்கம் பழைய மணிக்கூண்டு. 1915-ல் கட்டியது, 44 மீட்டர் உயரம். அங்கே இருந்த ரயில் நிலையத்தை இடித்தபோது இதை மட்டும் விட்டுவைத்தார்கள். அதைத் தாண்டி, கலாச்சார மையம், கலை அருங்காட்சியகம் இரண்டையும் கடந்து கடலை ஒட்டியே பத்து நிமிடம் நடந்தால் கைத்தடங்கள் தொடங்கிவிடும்.

பகல்ல போறதா, ராத்திரி போறதா?

மாலை ஐந்து மணிக்குப் போய்விடுங்கள். இருட்டிய பிறகு போகிறவர்கள் எதிர்க்கரை விளக்குகளை மட்டும் பார்த்துவிட்டு வருகிறார்கள். கைத்தடத்தின் மேல் பத்துப் பேர் முழங்கையை ஊன்றி ஃபோட்டோ எடுத்துக்கொண்டிருப்பார்கள், பெயரைக்கூடப் படிக்க முடியாது. வெளிச்சம் இருக்கும்போது பெயர்களைப் பார்த்து முடியுங்கள். பிறகு எங்கேயாவது உட்கார்ந்தால் எதிர்க்கரையில் ஒவ்வொரு கட்டடமாக விளக்கு ஏறுவது தெரியும். எனக்கு அந்த அரை மணி நேரம்தான் பிடிக்கும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை நல்ல காலம். ஜூலை, ஆகஸ்டில் சென்னைக்காரர்களே புழுக்கம் தாங்காமல் கடைக்குள் ஓடுவார்கள்.

எட்டு மணி லேசர் ஷோ யூடியூப்ல பார்த்த மாதிரி இருக்குமா?

இருக்காது. 'சிம்ஃபனி ஆஃப் லைட்ஸ்' என்று பெயர், தினமும் இரவு 8 மணி, பத்து நிமிடச் சொச்சம். இரு கரையிலும் உள்ள கட்டடங்கள் இசைக்கேற்ப விளக்குகளை மாற்றும், மாடிகளிலிருந்து ஒளிக்கதிர் வானத்தில் வீசும். நம் ஊர்த் திருவிழா வாணவேடிக்கையை மனதில் வைத்துப் போனால் ஏமாற்றம்தான். 'ஆரம்பிச்சிருச்சா?' என்று பக்கத்தில் கேட்டுக்கொண்டிருக்கும்போதே முடிந்த கதையும் உண்டு. பனிமூட்டமோ தாழ்ந்த மேகமோ இருந்தால் இன்னும் மோசம்.

அதற்காகப் பார்க்காமல் வர வேண்டாம், எப்படியும் அங்கேதானே நிற்கிறீர்கள். ஆனால் அதற்காகவே ஏழு மணிக்குப் போய் கைப்பிடியைப் பிடித்து இடம் போடுவது வீண். ஒளி ஆட்டம் இல்லாமலேயே எதிர்க்கரை அழகு. ஐ. எம். பெய் வடிவமைத்த பாங்க் ஆஃப் சைனா கோபுரம் முக்கோண முக்கோணமாக நிற்கும். அதன் விளிம்பு கத்தி மாதிரி இருப்பதால் ஃபெங் சுயிக்கு ஆகாது என்று இங்கே இன்னமும் பேசுவார்கள். வாஸ்து பார்க்கும் நம்மவர்களுக்குச் சொல்லிக்காட்ட ஏற்ற இடம்.

வயசானவங்க நடக்க முடியுமா? பாத்ரூம்?

முழுக்கச் சமதரை, சக்கர நாற்காலி தாராளமாகப் போகும். உட்கார இருக்கைகள் உண்டு. கழிப்பறைக்கு வழியில் இருக்கும் கலாச்சார மையமோ பின்னால் இருக்கும் பெரிய மாலோ போதும். ஒரே எச்சரிக்கை, மெட்ரோ வழியில் நடை அதிகம். முட்டி வலி உள்ளவர்களுக்குப் படகுதான் சுலபம், மேலே சொன்ன மாதிரி.

சைவச் சாப்பாடு கிடைக்குமா கண்ணு? இல்லேன்னா புளிசாதம் கட்டிக்கலாம்.

கட்டிக்கொண்டு வாருங்கள் அத்தை, யாரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். ஆனால் தேவையில்லை. பாதையில் இருக்கும் சின்னக் கடைகளில் சைவம் தேடுவது கஷ்டம். பத்து நிமிடம் உள்ளே நடந்தால் சிம் ஷா சுய் பகுதியிலேயே இட்லி தோசை போடும் சைவ உணவகங்கள் இருக்கின்றன. நாதன் ரோட்டில் சுங்கிங் மேன்ஷன்ஸ் என்ற பழைய கட்டடம் முழுக்க நம் நாட்டுக்காரர்களும் பாகிஸ்தான், நேபாளம், ஆப்பிரிக்கா ஆட்களும் நடத்தும் கடைகள். வாசலில் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூப்பிடுவார்கள், பயப்பட வேண்டாம். சீனக் கடையில் 'காய்கறிதான்' என்று சொல்லித் தருவதில் சிப்பிச் சாறு கலந்திருக்கலாம், அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

என் அண்ணன் 2010-ல வந்தப்ப கைத்தடம் எல்லாம் தரையில இருந்துச்சு. ஃபோட்டோ இருக்கு. இப்ப மேல இருக்குன்னு சொல்றீங்க?

இரண்டும் சரி. முதலில் தரையில்தான் பதித்திருந்தார்கள். 2015 அக்டோபரில் மொத்தப் பாதையையும் மூடி, 2019 ஜனவரி 31-ல் புதுசாகத் திறந்தார்கள். அந்த மூன்று வருடச் சொச்சத்தில் வந்தவர்கள் தடுப்புத் தகரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பார்கள். நியூயார்க்கில் கைவிட்ட ரயில் பாதையைப் பூங்காவாக்கிய ஹை லைன் திட்டத்தில் இருந்த ஜேம்ஸ் கார்னர்தான் இதற்கும் வடிவம் கொடுத்தார். முதலில் பணம் போட்டுக் கட்டியதும், பிறகு புதுப்பித்ததும் நியூ வேர்ல்டு என்ற கட்டுமான நிறுவனம். பொது இடத்தை ஒரு கம்பெனி கையில் கொடுப்பதா என்று 2015-ல் இங்கே நிறைய எதிர்ப்பும் கிளம்பியது.

தரையிலிருந்து கைப்பிடிக்கு ஏற்றியது நல்ல காரியம் என்பது என் கட்சி. அப்போது குனிந்து, குந்தி, அடுத்தவர் காலுக்கு நடுவே கை நீட்ட வேண்டும். பெயரை மிதித்துக்கொண்டு போகிறோமே என்று என் அம்மா ஓரமாகவே நடப்பார். இப்போது இடுப்பு உயரத்தில் இருக்கிறது, போகிற போக்கில் உள்ளங்கையை வைத்துவிட்டுப் போகலாம்.

அது உண்மையான கைதானா? ஹாலிவுட்டைப் பார்த்துக் காப்பி அடிச்சதுதானே?

இருக்கிறவர்கள் பதித்தது உண்மையான கைதான். காப்பியா என்றால், ஆமாம், ஹாலிவுட் வாக் ஆஃப் ஃபேமைப் பார்த்துத்தான் செய்தார்கள், யாரும் மறைக்கவில்லை. ஆனால் அந்த வாக் ஆஃப் ஃபேமில் இருப்பது நட்சத்திரம் மட்டும்தான். கையைச் சிமெண்டில் பதிக்கும் பழக்கம் அதே தெருவில் இருக்கும் ஒரு தியேட்டர் வாசலில் 1927-ல் ஆரம்பித்தது. அந்தத் தியேட்டர் பெயர் என்ன தெரியுமா? சைனீஸ் தியேட்டர். சீனக் கோயில் மாதிரி அமெரிக்கக்காரர் கட்டியது. அங்கே போன வழக்கம் சீனர்கள் ஊருக்கே திரும்பி வந்துவிட்டது, அவ்வளவுதான்.

சில பேருக்குப் பேர் மட்டும் இருக்கு, கையே இல்லையே? திருடிட்டாங்களா?

இந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். திருடவில்லை. அவர்களில் பெரும்பாலோர் பாதை கட்டுவதற்கு முன்பே போய்ச் சேர்ந்தவர்கள். கை பதிக்க ஆள் இல்லாததால் பெயர் மட்டும் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் கை உள்ள தகட்டை மட்டும் தேடுகிறார்கள். கையில்லாத தகடுகளில்தான் எனக்கு விஷயம் அதிகம்.

லாய் மான் வாய் என்று ஒரு பெயர் பாருங்கள். 'ஹாங்காங் சினிமாவின் தந்தை' என்பார்கள். 1913 வாக்கில் எடுத்த ஒரு படத்தில் கதாநாயகியாக நடித்தவர் அவரேதான். பெண்கள் நடிக்க வராத காலம், நம் ஸ்திரீபார்ட் கதைதான். வேலைக்காரியாகச் சின்ன வேடத்தில் நடித்தது அவருடைய நிஜ மனைவி. சீனப் படத்தில் தோன்றிய முதல் பெண் என்று அந்த அம்மாவைத்தான் சொல்கிறார்கள். வீட்டுக்காரர் நாயகி, வீட்டுக்காரி வேலைக்காரி!

லெஸ்லி சியுங் 2003 ஏப்ரல் 1-ல் இறந்தார். அனிட்டா முய் அதே வருடம் டிசம்பர் 30-ல், நாற்பது வயதில், புற்றுநோயால். இருவருமே பாட்டிலும் நடிப்பிலும் உச்சத்தில் இருந்தவர்கள், நெருங்கிய நண்பர்கள். பாதை திறந்தது அடுத்த ஏப்ரலில். கொஞ்ச கால வித்தியாசத்தில் இரண்டு பேர் கையும் இல்லாமல் போனது. அனிட்டா முய் சிலை 2014-ல் வந்தது. அதன் காலடியில் பூ இருந்தால் யாரோ ரசிகர் வந்துவிட்டுப் போயிருக்கிறார் என்று அர்த்தம். லெஸ்லிக்கு ஒவ்வொரு ஏப்ரல் 1-லும் அக்கரையில் மாண்டரின் ஓரியண்டல் ஹோட்டல் வாசலில் பூங்கொத்து குவியும்.

ப்ரூஸ் லீ சிலை இருக்கிற இடத்துலதான் அவரைப் புதைச்சாங்களா?

சிரிக்காதீர்கள், இதை ஒருவர் மட்டும் கேட்கவில்லை. என் பெரியம்மா சிலைக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கேட்டார். சமாதி இல்லை பெரியம்மா, அது அமெரிக்காவில் சியாட்டிலில் இருக்கிறது. அவர் பிறந்ததும் அமெரிக்காவில்தான், 1940 நவம்பர் 27-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில். அப்பா கான்டனீஸ் கூத்து நடிகர், அங்கே நாடகம் போடப் போன நேரம். வளர்ந்தது ஹாங்காங்கில், குழந்தை நட்சத்திரமாக நடித்ததும் ஹாங்காங்கில், 1973 ஜூலை 20-ல் இறந்ததும் ஹாங்காங்கில். வயது 32.

வெண்கலச் சிலையை 2005 நவம்பர் 27-ல் திறந்தார்கள், உயிரோடு இருந்தால் 65-வது பிறந்தநாள். வேடிக்கை என்னவென்றால், போஸ்னியாவில் மோஸ்டார் என்ற ஊர்க்காரர்கள் அவருக்கு ஒரு சிலை வைத்து முந்தின நாளே திறந்துவிட்டார்கள். உள்நாட்டுப் போரில் பிரிந்து கிடந்த ஊர். எந்தத் தரப்புத் தலைவருக்குச் சிலை வைத்தாலும் சண்டை வரும், இவருக்கு வைத்தால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள் என்று யோசித்தார்களாம். சொந்த ஊர் ஒரு நாள் பிந்திவிட்டது.

சிலை எங்கே என்று வரைபடம் தேட வேண்டாம். ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, மூக்கைத் தேய்த்துக்கொண்டு ஃபோட்டோவுக்கு நிற்கிறவர்கள் கூட்டமே வழி காட்டும்.

எனக்கு ப்ரூஸ் லீ, ஜாக்கி சான் ரெண்டு பேர்தான் தெரியும். மத்தவங்க யாருன்னே தெரியாம என்ன பாக்குறது?

நியாயமான கேள்வி. யார் என்று தெரியாவிட்டால் அது வெறும் கைப்பிடிதான். கிளம்புவதற்கு முன் இன்னும் நாலைந்து பேரைத் தெரிந்துகொண்டு வாருங்கள், நேரம் போவதே தெரியாது. தகட்டில் சீன எழுத்தோடு ஆங்கிலத்திலும் பெயர் இருக்கும், தேடிப்பிடிக்கலாம்.

சாமோ ஹுங், குண்டாக இருந்துகொண்டு பம்பரமாகச் சுழன்று அடிப்பாரே, அவர். அவரும் ஜாக்கி சானும் பீக்கிங் ஆபரா என்ற சீனக் கூத்துக் கற்றுத்தரும் ஒரே பள்ளியில், ஒரே வாத்தியாரிடம் அடி வாங்கி வளர்ந்த பிள்ளைகள். எம்.ஜி.ஆரும் சிவாஜியும் பாய்ஸ் நாடகக் கம்பெனியில் வளர்ந்த மாதிரி. குட்டிக்கரணம், கம்பு, பாட்டு எல்லாம் அங்கே படித்ததுதான், சினிமாவுக்கு அப்படியே வந்தது. மிஷெல் யோ, மலேசியாவில் ஈப்போக்காரர். 2023-ல் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் வாங்கினார். ஈப்போ உறவினர்கள் வந்தால் அந்தத் தகட்டை விட்டு நகரவே மாட்டார்கள். டோனி லியுங் 2000-ல் கான் விழாவில் சிறந்த நடிகர், கண்ணாலேயே நடிக்கிறவர். ஜான் வூ இயக்குநர். இரண்டு கையிலும் துப்பாக்கி, மெதுவாகப் பறக்கும் புறா என்று உலகம் முழுக்கப் பரவியதெல்லாம் அவர் கைவண்ணம்.

ஜாக்கி சானை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 2008-ல் 'தசாவதாரம்' பாடல் வெளியீட்டுக்குச் சென்னை நேரு ஸ்டேடியத்துக்கே வந்தவராயிற்றே. இங்கே அவரை 'சிங் லுங்' என்றுதான் சொல்வார்கள். ப்ரூஸ் லீயை 'லீ சியு லுங்', குட்டி டிராகன் லீ. 'ஜாக்கி சான் எங்கே' என்று உள்ளூர் முதியவரிடம் கேட்டு அவர் விழித்தால் இந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள்.

தாத்தா சிங்கப்பூர்ல ஷா பிரதர்ஸ் தியேட்டர்ல படம் பார்த்த கதை சொல்வார். இங்க இருக்கிற ரன் ரன் ஷா அந்த ஷாவா?

அதே ஷாதான். ஷாங்காயில் படத்தொழில் தொடங்கிய குடும்பம். அண்ணன் ரன்மி ஷாவும் தம்பி ரன் ரன் ஷாவும் சிங்கப்பூரில் தியேட்டர்கள், கேளிக்கைப் பூங்காக்கள் என்று வளர்ந்து, ஜாலான் அம்பாஸில் மலாய்ப் படங்களுக்கு ஸ்டூடியோ வைத்தார்கள். அந்த ஸ்டூடியோவுக்கு இந்தியாவிலிருந்து இயக்குநர்களைக் கூட்டி வந்தார்கள். மலாய்த் திரையின் பெரிய நடிகர் பி. ராம்லியை 1950-ல் முதன்முதலாகக் கதாநாயகனாக்கியவர் எல். கிருஷ்ணன், தமிழர். ஆக, தாத்தா பார்த்த படத்தில் நம் கையும் கொஞ்சம் இருந்திருக்கும்.

ரன் ரன் ஷா 1950-களின் கடைசியில் ஹாங்காங் வந்து, 1961-ல் கிளியர்வாட்டர் பேயில் பெரிய ஸ்டூடியோ நகரம் கட்டினார். நடிகர்கள் அங்கேயே தங்கி, மாதச் சம்பளத்துக்கு நடிப்பார்கள். நம் மாடர்ன் தியேட்டர்ஸ் ஞாபகம் வரும். அங்கே வேலை பார்த்த ரேமண்ட் சௌ 1970-ல் பிரிந்துபோய் கோல்டன் ஹார்வெஸ்ட் தொடங்கினார். ஷா கொடுக்க முன்வந்த சம்பளம் பிடிக்காமல் ப்ரூஸ் லீ போய்ச் சேர்ந்தது சௌவிடம்தான். இன்று முதலாளி, பிரிந்துபோனவர், கைநழுவிய நடிகர் மூன்று பேரும் ஒரே கைப்பிடி வரிசையில் இருக்கிறார்கள்.

ரஜினி, ஷாருக்கான் கை ஏதும் இல்லையா?

இல்லை. இது ஹாங்காங் சினிமாவுக்கான இடம். மெழுகுச் சிலைகளோடு குழப்பிக்கொள்கிறீர்கள் என்று நினைக்கிறேன். மேடம் துசோ மெழுகுக் காட்சி அக்கரையில் பீக் மலை மேல், அதற்கு டிக்கெட் உண்டு.

சினிமாவுக்கு மரியாதை செய்யணும்னா 2004 வரைக்கும் ஏன் காத்திருந்தாங்க? அப்பவே ஹாங்காங் சினிமா படுத்துருச்சே?

குத்தலான கேள்வி, ஆனால் சரியான கேள்வி. 1990-களின் தொடக்கத்தில் இந்தச் சின்ன ஊர் வருடத்துக்கு 200 படத்துக்கு மேல் எடுத்துத் தள்ளியது. திருட்டு வி.சி.டி., 1997-ன் ஆசியப் பொருளாதார நெருக்கடி, தென்கிழக்காசிய வெளியீட்டுச் சந்தை சுருங்கியது எல்லாம் சேர்ந்து அதை வெகுவாகக் குறைத்துவிட்டன. அப்புறம் 2003-ல் சார்ஸ் தொற்றுநோய். ஹாங்காங்கில் மட்டும் 299 பேர் இறந்தார்கள், சுற்றுலா அடியோடு நின்றது. மேலே சொன்ன இரண்டு மரணங்களும் அதே வருடம்.

2004 ஜனவரியில் எட்டு மணி ஒளி ஆட்டம், ஏப்ரலில் இந்தப் பாதை. வரிசையைப் பார்த்தாலே புரியும், ஆட்களைத் திரும்ப வரவழைக்கும் வேலை. மரியாதையும் இருந்தது, வியாபாரமும் இருந்தது. அதற்காக எனக்கு அதன் மேல் மதிப்புக் குறையவில்லை. சினிமாவே அப்படித்தானே.

மழை வந்தா என்ன பண்றது? புயல் எச்சரிக்கை 3-ன்னு ஃபோன்ல வருது.

மே முதல் அக்டோபர் வரை புயல் வரலாம். எண்கள் 1, 3, 8, 9, 10 என்று தாவிப் போகும். இடையில் எண் விட்டுப்போய்விட்டதே என்று தேடாதீர்கள். 3-ல் ஒளி ஆட்டம் நின்றுவிடும், ஆனால் கடைகளும் மெட்ரோவும் ஓடும். 8 ஏற்றிவிட்டால் ஊரே அடைத்துக்கொள்ளும், படகும் நிற்கும். அறைக்குத் திரும்பிவிடுங்கள், கடலோரத்தில் அலை பார்க்க நிற்கவே வேண்டாம். சாதாரண மழை என்றால் ஒரு மணி நேரம் கலை அருங்காட்சியகத்துக்குள் ஒதுங்கலாம். நின்றதும் வெளியே வாருங்கள். மழை விட்ட இரவில் எதிர்க்கரை விளக்கு துடைத்து வைத்த மாதிரி இருக்கும்.

இது மட்டும் பத்தாது, நான் பெரிய ஹாங்காங் படப் பைத்தியம். அடுத்து எங்க?

அப்படியானால் தீவில் சாய் வான் ஹோ நிலையத்தில் இறங்கி, 2001-ல் திறந்த ஃபிலிம் ஆர்கைவ் என்கிற திரைப்படக் காப்பகத்துக்குப் போங்கள். பழைய படங்களைத் திரையிடுவார்கள், கண்காட்சியும் இருக்கும். நிகழ்ச்சி நிரல் பார்த்துவிட்டுப் போவது நல்லது. சென்ட்ரலிலிருந்து மலைச்சரிவில் ஏறும் நகரும் படிக்கட்டு 1993-லிருந்து ஓடுகிறது, மொத்தம் 800 மீட்டர். காலையில் கீழ்நோக்கி, பிறகு மேல்நோக்கி. இயக்குநர் வோங் கார் வாயின் 'சுங்கிங் எக்ஸ்பிரஸ்' படம் பார்த்தவர்களுக்கு அதில் ஏறியதும் ஒரு பாட்டு காதில் ஓடும். மேலே சாப்பாட்டுக்குச் சொன்ன சுங்கிங் மேன்ஷன்ஸும் அதே படத்தில் வருவதுதான், ஆக அங்கே பரோட்டா சாப்பிடுவதும் சினிமா யாத்திரைக் கணக்கில் சேரும்.

ஏம்மா, ஜாக்கி சான் கை இவ்வளவு சின்னதா?

கடைசியாக என் மாமனார் கேட்டது. ஜனவரி மாதம், காற்று அடித்துக்கொண்டிருந்தது. நாற்பது வருடம் லேத் பட்டறையில் வேலை பார்த்த கை அவருடையது, வலது கையில் ஒரு விரல் நுனி கிடையாது. தகட்டின் மேல் வைத்துப் பார்த்தார். அவர் விரல்கள் பள்ளத்தைத் தாண்டி வெளியே நின்றன. 'ஜில்லுனு இருக்கு' என்றார். கையை எடுத்து, திருப்பி, தன் உள்ளங்கையையே கொஞ்ச நேரம் பார்த்தார். பின்னால் ஒரு சீனக் குடும்பம் காத்திருந்தது. நகர்ந்து வழிவிட்டுவிட்டு, அந்தப் பையன் கையை வைக்கும்போது குனிந்து அளவு பார்த்தார்.

கை சின்னதா என்றால், இல்லை மாமா, உங்கள் கைதான் பெரிது.